ஒப்பித்தாயிற்று, அப்புறம்? திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) திடப்படுத்தல் வகுப்பு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுச் சபையில் முழு அங்கமாவதற்கான ஆயத்த வகுப்பு எடுக்கும் குருவானவர்களுக்கும், உபதேசியார்களுக்கும், சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை உட்காரவைத்து மனப்பாடம் கேட்கிற என்னைப்போன்ற ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பு அட்டவணையில் ஒரே ஒரு சனிக்கிழமை வேண்டும். அன்றைக்குப் புத்தகம் மூடியிருக்கட்டும், யாரும் எதையும் ஒப்பிக்க வேண்டாம். "இதையெல்லாம் நீ நம்புகிறாயா?" என்று பிள்ளையைக் கேட்போம், வருகிற பதில் எதுவானாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் என் விண்ணப்பம். ஆனால் இதை வாய்வார்த்தையாகச் சொன்னபோதெல்லாம் "நல்ல யோசனைதான், நேரம் எங்கே இருக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேராயர் வருகிற தேதி முடிவானதும் ஞாயிறு அறிவிப்பில் வாசிப்பீர்கள். ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள், ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவர்கள், கல்யாணம் நிச்சயமாகி ஆலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டுமே என்று கடைசி நேரத்தில் ஓடிவருகிற ஓர் அண்ணன், எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கர்த்தருடைய ஜெபம் என்கிற பரமண்டல ஜெபம், பத்துக் கற்பனைகள், நாம் நம்புகிறதை வரிவரியாகச் சொல்கிற விசுவாசப்பிரமாணம், அப்புறம் உபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தருகிற ஞானோபதேச வினா விடை. கடைசி வாரம் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும், தடுமாறினால் மறுபடி வர வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, பேராயரின் கை தலையில், குடும்பத்தோடு போட்டோ, சான்றிதழ், மதியம் வீட்டில் பிரியாணி. பெயர் சபைப் பட்டியலில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை ஆராதனையில் பார்க்கிறோம் என்று நம்மில் யாரும் கணக்கெடுப்பதில்லை. கணக்கெடுத்தால் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். ஒப்பிக்கிற நாளன்று அவள் விசுவாசப்பிரமாணத்தைத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாவமன்னிப்பு வரைக்கும் வந்தாள். அதற்கடுத்த "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர் அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தார், அவள் வாய் திறக்கவில்லை. "நல்லா படிச்சிட்டு அடுத்த வாரம் வா" என்று உட்காரச் சொல்லிவிட்டார். அவளுக்கு மறந்துபோகவில்லை என்பது எனக்குத் தெரியும், ஞாயிறுதோறும் என் பக்கத்தில் நின்று சொல்கிறவள். வெளியே சைக்கிளை எடுக்கும்போது கேட்டேன். அவளுடைய அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "அந்த வரிய மட்டும் சும்மா சொல்ல முடியல டீச்சர். அது உண்மையா இருக்கணும்னு இருக்கு" என்றாள்.

அந்த அறையில் அன்று விசுவாசப்பிரமாணத்தைச் சொற்களாக மட்டும் எடுத்துக்கொள்ளாதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் தேறினார்கள், அவள் தேறவில்லை. ஒப்பிக்கக் கேட்டவரைக் குறை சொல்லவேண்டி இதைச் சொல்லவில்லை, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நாம் வைத்திருக்கிற தேர்வுக்கு மறதியையும் மனக்கலக்கத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னதும் மனப்பாடமே கூடாது என்கிற கட்சி நான் என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வீண் வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் சொன்ன அதே வாயால், இரண்டே வசனம் தள்ளி, "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று சீஷர்களுக்குச் சொற்களைக் கொடுத்தவர் இயேசு. கொடுத்த சொற்களைச் சொல்வதே தப்பு என்றால் அவர் கொடுத்திருக்க மாட்டார். அழுகை தொண்டையை அடைக்கும்போது சொந்தமாக வார்த்தை தேட யாராலும் முடியாது, அந்த நேரத்தில் பரமண்டல ஜெபம் தானாக வாயில் வருகிறதே, அது சிறுவயதில் யாரோ மிரட்டி மனப்பாடம் செய்யவைத்த புண்ணியம்தான்.

அதோடு, இந்த ஒப்பித்தல் நம் கரையில் எங்கிருந்து தொடங்கியது என்றும் பாருங்கள். 1542இல் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை என்கிற தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப்பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழாக்கி, முதலில் தானே மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி, விசுவாசப்பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்பாராம். அவர்கள் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, நம்புகிறோம் என்று உரத்த குரலில் சொல்வார்களாம்.

ஆக, மொழி தெரியாத அவரே கேள்வி கேட்டிருக்கிறார். நமக்கோ மொழியும் தெரியும், பிள்ளையின் வீடும் தெரியும், அவன் அப்பாவின் கடன் எவ்வளவு என்பதுவரை தெரியும், கேள்வி மட்டும் இல்லை.

கூட்டமாகக் கேட்டால் கூட்டமாகத்தான் பதில் வரும் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். சவேரியாருக்குப் பின்னால் அதே கரையில் பல பத்து வருடம் உழைத்த அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் அந்தக் குறையை உணர்ந்தவர் என்று நினைக்கிறேன். அவர் தமிழை முறையாகக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று நாம் பெருமையாகச் சொல்கிற அது, வேறொன்றுமில்லை, ஜெபமும் உபதேசமும் அடங்கிய பதினாறு பக்கம். நம்முடைய வகுப்புப் புத்தகத்தின் கொள்ளுப்பாட்டி. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை, பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களுக்கென்று, அதாவது குருவிடம் தங்கள் பாவங்களை அறிக்கையிடுகிறவர்களுக்கென்று, தமிழில் ஒரு கையேடும் எழுதினார். ஒருவன் தன் வாழ்க்கையைத் தன் மொழியில் எடுத்துச் சொல்ல, அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள எதிரே ஓர் ஆள். நமக்குப் பாவசங்கீர்த்தன முறை இல்லை, சரி. எதிரே உட்கார்ந்து கேட்கிற அந்த ஆளையும் ஏன் விட்டுவிட்டோம்?

இன்னும் பின்னே போகலாம். விசுவாசப்பிரமாணம் முதலில் வரிசையாக நின்று ஒப்பிக்கிற பாடமாக இருக்கவில்லை. ஆதி ரோமச் சபையின் ஞானஸ்நான முறையைப் படித்திருப்பீர்கள், இறையியல் கல்லூரியில் இதற்கெல்லாம் தேர்வே எழுதியிருப்பீர்கள். தண்ணீரில் நிற்கிறவனின் தலையில் கையை வைத்து, சர்வவல்ல பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறாயா என்று கேட்பார்கள். விசுவாசிக்கிறேன் என்பான், ஒருமுறை முழுக்குவார்கள். குமாரனைப் பற்றிக் கேட்பார்கள், பதில், மறுபடி முழுக்கு. ஆவியானவரைப் பற்றிக் கேட்பார்கள், பதில், முழுக்கு. நாம் இன்று மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிற விசுவாசப்பிரமாணம், இப்படித் தலையில் கையோடு ஓர் ஆள் கேட்ட கேள்விக்கு இன்னோர் ஆள் சொன்ன பதிலாக வளர்ந்தது. கேள்வியைக் கழற்றிவிட்டுப் பதிலை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தண்ணீருக்கு வருவதற்கு முன்னால் ஒரு பரீட்சையும் இருந்தது. என்ன பரீட்சை தெரியுமா, உங்களுக்குத் தெரியும், என் சக ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். ஆயத்தப்பட்ட காலத்தில் இவர்கள் விதவைகளைக் கனம்பண்ணினார்களா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா, நற்காரியங்கள் செய்தார்களா என்று விசாரிப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களைக் கூட்டிவந்த விசுவாசிகள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கிற நம்முடைய ஞானப்பெற்றோரை இப்படிக் கூப்பிட்டு விசாரித்தால் எத்தனை பேர் பிள்ளையின் வகுப்பையாவது சரியாகச் சொல்வார்கள்? நானும் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தாய், இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நிறைவடையாது. 1528 வாக்கில் சாக்சனி கிராமச் சபைகளைப் போய்ப் பார்த்தவர், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை, பல போதகர்களுக்குச் சொல்லித்தரவும் தெரியவில்லை என்று நொந்துபோய்த்தான் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். மனப்பாடம் செய்யத்தான் எழுதினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால், இதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு கேள்வி வைத்தார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்ற வரிக்கு அவர் கொடுத்த பதிலில் வானமும் இல்லை, பூமியும் இல்லை. தேவன் என்னை உண்டாக்கினார், என் கண், என் காது, என் கைகால், என் புத்தி, இவற்றைத் தந்தார், உடுக்கத் துணியும் காலுக்குச் செருப்பும், சாப்பாடும் வீடும் தந்து இன்றும் காக்கிறார் என்று போகிறது. செருப்பு வரைக்கும் வருகிறது பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

சரி, நாம் என்ன செய்தோம்? லூத்தரின் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிட்டோம். யாருடைய செருப்பையோ பற்றி ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் சொல்கிறான், அவன் காலில் கிடக்கிற செருப்பு அவன் அம்மா பீடி சுற்றிய காசில் வாங்கியது, அதில் தேவனுக்கு ஏதாவது பங்கு உண்டா என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டால், "உண்டுன்னா அம்மா கை ஏன் இப்படி வலிக்குது?" என்று அவன் திருப்பிக் கேட்கலாம். கேட்கட்டுமே.

மனப்பாடம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதற்கு பண்டித ரமாபாயைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே ஆயிரக்கணக்கான சமஸ்கிருதச் சுலோகங்களை மனதில் ஏற்றியவர், இருபது வயதில் கல்கத்தா பண்டிதர்களே வியந்து பட்டம் கொடுக்கும் அளவுக்கு. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். இந்தியா திரும்பி, விதவைகளுக்கு இல்லம் நடத்தி, ஊரெல்லாம் அறிந்த கிறிஸ்தவராக இருந்தார். பிற்பாடு அவரே எழுதுகிறார், ஞானஸ்நானம் பெற்றபோது கிறிஸ்தவ மதத்தைக் கண்டடைந்திருந்தேன், கிறிஸ்துவைக் கண்டடைந்திருக்கவில்லை என்று. கோட்பாடு எதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை, உங்களையும் என்னையும்விடக் கூர்மையாக வாதாடக்கூடியவர். தெரிந்திருந்த எல்லாம் தனக்காக என்று ஆவதற்கு அவருக்கும் வருடங்கள் ஆயின.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை நீங்கள் பிரசங்கத்தில் அடிக்கடி இழுக்கிறீர்கள். 1947இல் நம் சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள் அல்லவா, அந்த உரிமையில் இழுக்கலாம். 1728இல் குருப்பட்டம் பெற்றவர். அட்லாண்டிக் கடந்து ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய், தோற்றுத் திரும்பியவர். பத்து வருடமாக விசுவாசப்பிரமாணத்தைத் தானும் சொல்லி மற்றவர்களையும் சொல்லவைத்த ஒருவர், 1738 மே 24ஆம் தேதி மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சு வித்தியாசமாக அனல்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதினார், அதையே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கடுத்து எழுதியதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அவர் என் பாவங்களை, என்னுடைய பாவங்களையே, நீக்கினார் என்ற நிச்சயம் உண்டாயிற்று என்கிறார். புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பாவமன்னிப்பு உண்டு என்று அவர் ஞாயிறுதோறும் சொல்லிவந்ததுதான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் உற்சாகமாகிவிடுவீர்கள், எனக்குத் தெரியும், அதனால் உடனே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கேட்பது எழுப்புதல் கூட்டம் அல்ல. "நீ எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று பிள்ளையைப் பிடித்துக் கேட்பதும் அல்ல. வெஸ்லிக்குத் தேதி இருந்தது. பேதுருவுக்குத் தேதி என்ன? வலைகளை விட்டு எழுந்த நாளா, சேவல் கூவிய நாளா, கடற்கரையில் மீன் சுட்டுத் தந்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்ட நாளா? விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறோம். போன வருடம் உயர்த்திய அதே கைகள் இந்த வருடமும் உயர்கின்றன. உயர்த்தாவிட்டால் பக்கத்தில் நிற்கிற அக்கா தோளைத் தொடுவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒப்பிப்பது விசுவாசப்பிரமாணத்தோடு நின்றால் பரவாயில்லை, சொந்த ஜெபம் என்று நாம் சொல்வதே மனப்பாடமாகிவிட்டதே. இம்மட்டும் காத்தீரே ஸ்தோத்திரம், இன்றைக்கும் ஜீவனுள்ளோர் தேசத்தில் வைத்தீரே ஸ்தோத்திரம், அடியேனைத் தாழ்த்தி ஒப்புக்கொடுக்கிறேன், இரத்தக் கோட்டைக்குள் மறைத்துக்கொள்ளும் என்று வரிசை மாறாமல் வருகிறது. குடும்ப ஜெபத்தில் அப்பா இந்த இடத்துக்கு வந்தால் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாட்சியும் அப்படித்தான், முன்பு இப்படி இருந்தேன், ஒரு நாள் தொட்டார், இப்போது இப்படி இருக்கிறேன் என்று மூன்று பத்தி. அதில் பொய் என்று ஒன்றுமில்லை, ஆனால் யாரோ தைத்த சட்டையை எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதுபோல இருக்கிறது. பொது ஜெபப்புத்தகத்தை மூடிவிட்டால் மட்டும் விசுவாசம் சொந்தமாகிவிடும் என்று நினைக்கிற பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கும் இதே பதில்தான்.

பின்னே எப்படித்தான் சொந்தமாகும்? எனக்குத் தெரிந்தவரை, நமக்கு உறைக்கிற வரியில்தான். அந்தப் பெண்பிள்ளைக்கு அது உயிர்த்தெழுதல். இன்னொருவனுக்குப் பிதா என்ற சொல், குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா வீட்டில் இருந்தால் அந்தச் சொல்லோடு ஜெபம் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பு எடுக்கிற நாம் யோசித்திருக்கிறோமா? நீட் தேர்வில் மார்க் போய்விட்ட ஒரு பையனுக்குச் சர்வத்துக்கும் வல்ல என்பது. புத்தாண்டு ராத்திரி வாக்குத்தத்த அட்டையில் "உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன்" என்று வந்ததை அவன் ஹால்டிக்கெட்டோடு வைத்திருந்தான், இப்போது அதை என்ன செய்வது என்று கேட்டான். தத்துவமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே, கிழிப்பதா வைப்பதா என்று கேட்டான்.

அப்புறம், பரிசுத்தவான்களுடைய ஐக்கியம். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஞாயிறு காலை எல்லாரும் சேர்ந்து இந்த வரியைச் சொல்கிறோம். சாதிக்கொரு கல்லறைத்தோட்டம் இருக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு, சேகரத் தேர்தல் வந்தால் எந்த அணியில் எந்தச் சாதி என்று டீக்கடைக்காரர்வரைக்கும் சொல்வார், வரன் பார்க்கிற விளம்பரத்தில் இரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை என்று போட்டுப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. "ஐக்கியம் உண்டுன்னு விசுவாசிக்கிறோம்ல, எங்க உண்டு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. அவனைக் குதர்க்கம் பேசுகிறவன் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த வரியை நம்ப வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டவனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. நாம் நடுங்கக்கூட இல்லாமல் சொல்லிவிட்டு உட்காருகிறோம்.

அதனால் அந்தச் சனிக்கிழமை இப்படி நடக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். மத்தேயு 16ஐ வாசியுங்கள். ஜனங்கள் என்னை யார் என்று சொல்கிறார்கள் என்று இயேசு முதலில் கேட்கிறார், அதற்குச் சீஷர்கள் ஊரார் சொல்வதையெல்லாம் அழகாக ஒப்பிக்கிறார்கள், அதை அவர் தடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள் என்கிறார். வாசித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். விசுவாசப்பிரமாணத்தில் உனக்கு எளிதாக வருகிற வரி எது, சொல்லவே கஷ்டமான வரி எது, எழுது, பெயர் போட வேண்டாம். அடுத்து அந்தக் கஷ்டமான வரியைப் பற்றி ஆண்டவரிடம் நாலு வரி பேசு, ஸ்தோத்திரத்தில் தொடங்க வேண்டும் என்று இல்லை, வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுது. அந்தத் தாளை வாங்காதீர்கள். வாசித்துக்காட்டச் சொல்லாதீர்கள், எழுத்துப்பிழை திருத்துகிற பழக்கம் நமக்கு உண்டு, கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சொந்தமாக இருப்பது வேறு, சபைக்கு முன்னால் அவிழ்த்துக்காட்டுவது வேறு. வீட்டு விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பிள்ளை தானாக விரும்பினால் கேளுங்கள், கதவைத் திறந்துவைத்து, இன்னொரு பெரியவர் கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பிள்ளைகள் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள் ஐயா. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் உங்கள் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள், அறிவிப்பைக் கேட்டிருக்கிறார்கள், கோயில் கட்டட நிதிக்கு நீங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எந்த வரி கஷ்டம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்திய அந்தத் தகப்பனின் பிள்ளையை இயேசு சுகமாக்கித்தான் அனுப்பினார், முதலில் போய் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. அதை நீங்கள் பிரசங்கிக்க வேண்டாம், உங்கள் கதையாக ஒன்று சொன்னால் போதும்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், ஒரு சேகரத்துக்கு நாலைந்து ஆலயம், பள்ளிக்கூடத் தாளாளர் வேலை, அசனப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, கல்யாணம், அடக்க ஆராதனை, நடுவில் தேர்தல் வேறு. அப்படியானால் உபதேசியாரிடம் கொடுங்கள், சபையில் நிதானமான ஓர் அக்காவையோ அண்ணாச்சியையோ கூப்பிடுங்கள், ஆதிச் சபையைப்போல ஞானப்பெற்றோரை வரவழையுங்கள். பெற்றோரும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பதில் சொல்லுங்கள் என்று யாத்திராகமத்தில் கட்டளை இருப்பது பெற்றோருக்குத்தான், ஓய்வுநாள் பாடசாலைக்கு அல்ல.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் உங்கள் துணை அதிகம் தேவை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்து, எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை, இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னால் அதைப் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகுவது என்று சொல்லாதீர்கள், பீடத்திலிருந்து பூடகமாகவும் சொல்லாதீர்கள். பேராயர் அடுத்த முறையும் வருவார். அந்தப் பிள்ளையின் பெயரை அடுத்த பட்டியலில் முதலாவதாக எழுதிவைத்துக்கொண்டு, நடுவில் ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், வகுப்பைப் பற்றி அல்ல, சும்மா. வெள்ளைச் சேலை எடுத்தாயிற்று, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, இப்போது போய் இப்படிச் சொல்கிறாளே என்று அவள் அம்மா உங்களிடம் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பிவிடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை